கூலியாக அல்ல, கொடையாக: புதிய உடன்படிக்கையும் கிருபையும்

கிறித்தவ மறைநூலில் உடன்படிக்கை என்பது இரு தரப்பினர் பேரம் பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமன்று. கடவுள் தாமே முன்வந்து ஒரு மக்களினத்தைத் தம்முடையதாக ஏற்று, அவர்களோடு தம்மைப் பிணைத்துக்கொள்ளும் உறவையே அது குறிக்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட இஸ்ரயேலரோடு சீனாய் மலையடிவாரத்தில் அவ்வுறவு உறுதி செய்யப்பட்ட விதத்தை யாத்திராகமம் விவரிக்கிறது: மோசே பலிபீடம் கட்டி, பன்னிரண்டு குலங்களுக்கும் பன்னிரண்டு தூண்களை நிறுத்தி, பலியான காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பீடத்தின்மீது தெளித்து, உடன்படிக்கை ஏட்டை மக்கள் கேட்க வாசித்தார், அவர்கள் கீழ்ப்படிவதாக வாக்களித்த பின், மீதி இரத்தத்தை அவர்கள்மீது தெளித்தார். இங்கே விடுதலை முதலிலும் சட்டம் அதன் பிறகும் வருகின்றன. ஆகவே பழைய ஏற்பாடு முழுவதும் சட்டம், புதிய ஏற்பாடு முழுவதும் கிருபை என்று இரண்டாகக் கூறுபோடுவது இரண்டுக்குமே நியாயம் செய்யாது.

அந்த வாக்கை மக்களால் காக்க முடியவில்லை என்பதே இறைவாக்கினர்களின் ஓயாத துயரமாக இருந்தது. கி.மு. 586-ஐ ஒட்டி எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்து, ஆலயம் எரிந்துபோன காலத்தவரான எரேமியா, தம் நூலின் 31-ஆம் அதிகாரத்தில் ஒரு புதிய உடன்படிக்கையை முன்னறிவித்தார். சட்டம் இனி கற்பலகையில் அன்றி உள்ளத்தில் எழுதப்படும் என்பதும், சிறியோர் பெரியோர் அனைவரும் கடவுளை அறிவர் என்பதும், பாவங்கள் மன்னிக்கப்பட்டு மீண்டும் நினைக்கப்படமாட்டா என்பதும் அதன் சாரம். சட்டம் மாறவில்லை, அது எழுதப்படும் இடம் மாறுகிறது. இயேசு தம் இறுதி இராவுணவில் திராட்சரசக் கிண்ணத்தைத் தம் இரத்தத்தாலான புதிய உடன்படிக்கை என்று அழைத்தபோது, அந்த முன்னறிவிப்பு தம் மரணத்தில் நிறைவேறுவதை உணர்த்தினார் என்பது திருச்சபையின் நம்பிக்கை. யூத மக்களைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்வது பெரும் பிழை. திருத்தூதர் பவுலே ரோமருக்கு எழுதிய நிருபத்தில் அதை வன்மையாக மறுக்கிறார்.

கிருபை என்பது தகுதியற்றவருக்குக் கடவுள் காட்டும் தயவு; கத்தோலிக்கர் அதனை அருள் என்பர். உழைத்தவனுக்குத் தருவது கூலி, அது அவனுக்குரிய கடன். மீட்போ கொடை என்று பவுல் பிரித்துக் காட்டுகிறார். இந்தக் கருத்து ஏட்டில் பிறந்தது என்பதைவிட உணவுப் பந்தியில் சோதிக்கப்பட்டது என்பதே கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. அந்தியோகியா நகரில் பேதுரு, யூதரல்லாத கிறித்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்தார். எருசலேம் திருச்சபையின் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்து சேர்ந்ததும், விருத்தசேதனத்தை வலியுறுத்துவோருக்கு அஞ்சிப் பின்வாங்கி ஒதுங்கினார். மற்ற யூதக் கிறித்தவர்களும், பவுலின் உற்ற துணைவரான பர்னபாவும்கூட அவரைப் பின்பற்றினர். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். கடவுள் நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டவரைப் பந்தியிலிருந்து விலக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அவரது வாதம். பிறப்பையோ சடங்கையோ கூடுதல் தகுதியாகக் கேட்டால், கிறிஸ்துவின் மரணம் வீணாகிவிடும் என்று அவர் கருதினார்.

கிருபை கொடையானால் நற்செயல் எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்தது. நற்செயல் மீட்பின் விலையன்று, அதன் விளைவு என்பது பவுலின் விடை. செயலற்ற நம்பிக்கை செத்தது என்று யாக்கோபின் நிருபம் எச்சரிக்கிறது. பின்னாளில், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்ற பெலாஜியுவின் போதனையை அகுஸ்தீன் எதிர்த்தார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களும் அதைக் கண்டித்தனர். 16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இதே கேள்வியை மீண்டும் எழுப்ப, 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்க நிலைப்பாட்டை வரையறுத்தது. நெடுங்காலப் பிளவுக்குப் பின், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இது குறித்த கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதர் தம் தகுதியால் அன்றி, கிறிஸ்துவில் கொண்ட நம்பிக்கையின் வழியாகக் கிருபையால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகின்றனர் என்று அவை சேர்ந்தே அறிக்கையிட்டன.

அந்தியோகியாவின் கேள்வி தமிழகத் திருச்சபையையும் விடவில்லை. திருவிருந்திலும் இருக்கை வரிசையிலும் சாதி வேறுபாடு காட்டப்படுவதைக் கைவிட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் பலர் ஏற்க மறுத்து விலகி நின்றனர். கிருபையைப் பற்றிய பாடல்களையும் பிரசங்கங்களையும் நன்கறிந்தவர்களே அவர்கள். இன்றும் தமிழகத்தின் சில ஊர்களில் கிறித்தவர்களின் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன. அந்த ஊர்களின் ஆயர்களும் சபையாரும், அந்தியோகியா நிகழ்வைச் சொல்லும், கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசித்து, அங்கே கண்டிக்கப்படுவது யார் என்பதைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.