ஆறு மாதக் குழந்தையிடம் கேள்வி கேட்பது எப்படி?

ஒரு சின்ன மேடு. கண்கள் ஒட்டிய வட்ட மரக்கட்டை ஒன்று அதில் ஏறப் பார்க்கிறது; முடியாமல் சறுக்குகிறது. ஒரு கட்டை பின்னாலிருந்து வந்து அதை மேலே ஏற்றிவிடுகிறது. இன்னொரு கட்டை மேலிருந்து வந்து அதைக் கீழே தள்ளுகிறது. அம்மாவின் மடியிலிருந்து இதைத் திரும்பத் திரும்பப் பார்த்த குழந்தையின் முன் கடைசியில் அந்த இரண்டு கட்டைகளையும் நீட்டுகிறார்கள். குழந்தையின் கை எதை நோக்கிப் போகிறது?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கைலி ஹாம்லின், கேரன் வின், பால் புளூம் மூவரும் செய்த இந்தச் சோதனை 2007-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும், ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரில் 12 பேரும் உதவிய கட்டையையே தேர்ந்தெடுத்தார்கள். நல்லது கெட்டதைப் பிரித்துப் பார்க்கும் குணம் பேச்சு வருவதற்கு முன்பே இருக்கிறது என்ற பேச்சு அதிலிருந்து பரவியது.

ஒரு காசைப் பன்னிரண்டு முறை சுண்டி, பன்னிரண்டும் பூவாகவே விழ 4096-இல் ஒரு வாய்ப்புதான். எனவே இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் குழந்தைகளுக்குப் பிடித்தது ‘உதவி’தானா என்பது வேறு கேள்வி. மேட்டின் உச்சிக்குப் போனதும் வட்டக்கட்டை துள்ளிக் குதித்ததே, அந்தத் துள்ளல் பிடித்திருக்கலாமே என்று 2012-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள். கீழே தள்ளப்பட்ட பிறகு வட்டக்கட்டையைத் துள்ளவிட்டுக் காட்டினார்கள். கீழே தள்ளிய கட்டையின் பக்கம் குழந்தைகள் சாய்ந்தார்கள். அந்தச் சோதனையில் வட்டக்கட்டையின் கண்கள் உச்சியை நோக்கி நிற்கவில்லை, அது ஏற விரும்புகிறது என்பதே குழந்தைக்குப் புரிந்திருக்காது என்று ஹாம்லின் தரப்பு பதில் சொன்னது. இரண்டுமே நியாயமான வாதங்கள். ஒரு கட்டையின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில்கூட முடிவு தொங்குகிறது என்றால், இந்தத் துறை எவ்வளவு நுட்பமானது என்று புரியும்.

குழந்தை பேசாது. அதன் பார்வையையும் கையசைவையும் பெரியவர்கள்தான் படித்துச் சொல்கிறார்கள். தவறு நுழையும் இடமும் அதுதான். ஒரு குழந்தை அழுகிறது, ஒன்று தூங்கிவிடுகிறது, இன்னொன்று இரண்டு கட்டைகளையும் பிடிக்கிறது. யாரைக் கணக்கில் சேர்ப்பது? முடிவுகளைப் பார்த்துவிட்டு இதைத் தீர்மானித்தால், நேர்மையானவரின் மனமும் தனக்குப் பிடித்த பதிலின் பக்கம் சாயும். அதனால் எதை ஏற்பது, எதை விலக்குவது என்ற விதிகளை முதல் குழந்தை வருவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தேர்வு நேரத்தில் தாய் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கட்டைகளை நீட்டுபவருக்கு எது உதவியது என்பதே தெரியக்கூடாது.

எண்ணிக்கையும் ஒரு சிக்கல். கைக்குழந்தைகளைத் தேடிப்பிடித்து அழைத்துவருவது கடினம் என்பதால், ஓர் ஆய்வில் இருபது பேர் கிடைத்தாலே பெரிது. இத்தகைய சிறு ஆய்வுகளில் பளிச்சென்ற முடிவு கிடைத்தவை மட்டும் அச்சேறினால், விளைவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

இதற்கு விடையாகத்தான் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஒரே சோதனையை ஒரே விதிகளோடு செய்யும் ‘மெனிபேபிஸ்’ முயற்சி உருவானது. மேடேறும் சோதனையை ஐந்து கண்டங்களில் 37 ஆய்வுக்கூடங்கள் மீண்டும் செய்தன. 1018 குழந்தைகள் வந்தார்கள். முன்பே எழுதிய விதிகளின்படி 567 பேர் தேறினார்கள். அவர்களில் உதவும் காட்சியைப் பார்த்தவர்களில் உதவிய கட்டையைத் தேர்ந்தெடுத்தவர்கள் 49.34 விழுக்காடு. காசு சுண்டினாலும் ஏறத்தாழ அதுதான் வரும். அந்த ஆய்வுக் குழுவில் ஹாம்லினும் இருந்தார். தன் புகழ்பெற்ற கண்டுபிடிப்பையே உலகத்தின் முன் மறுசோதனைக்கு வைத்த அந்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதை வைத்துக் குழந்தைகளுக்கு நல்லது கெட்டது தெரியாது என்று எழுதிவிடக் கூடாது. எல்லா இடத்திலும் ஒரே காட்சி இருக்க வேண்டும் என்பதால் இம்முறை கட்டைகள் திரையில் ஓடின. 2007-இல் அவை கண்ணெதிரே அசைந்தன.

எல்லாப் பழைய முடிவும் கரைந்துபோகவும் இல்லை. பெரியவர்கள் குரலை ஏற்றி இறக்கிக் கொஞ்சிப் பேசுவதைக் குழந்தைகள் அதிகம் விரும்புகிறார்களா என்று 67 ஆய்வுக்கூடங்கள் 2329 குழந்தைகளிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டன. விரும்புகிறார்கள். ஆனால் அந்த விருப்பம் பழைய ஆய்வுகள் காட்டியதில் பாதியளவுதான். ஒலி வரும் பக்கம் குழந்தை தலையைத் திருப்புவதைக் கணக்கிட்ட இடங்களில் அது கூடுதலாகத் தெரிந்தது. ஒரே திரையை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளந்த இடங்களில் குறைவாகத் தெரிந்தது.