மடக்குக் கத்தியின் ஆடும் கைப்பிடி: காரணமும் பரிகாரமும்

நெசவாளர் வீடாயினும், பயிரிடுவோர் வீடாயினும், மடக்குக் கத்தி இல்லாத வீடு அரிது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள நமது பகுதியில் அதற்கு ஓயாத வேலை உண்டு. வாழைநார் நெசவுக்குப் பெயர்பெற்ற அனகாபுத்தூரில் நாரை நறுக்கவும், நூல் முடிச்சை வெட்டவும் அது வேண்டும். படப்பை, மணிமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் வாழையிலை அரியவும், சணல் கயிற்றை அறுக்கவும் அதுவே வேண்டும்.

அலகு மழுங்கினால் நம் அங்கத்தினர்கள் தாமதமின்றிச் சாணை பிடிக்கிறார்கள். கைப்பிடி ஆடினாலோ, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். இது சிக்கனமன்று. கத்தியை அழுத்தும்போது பக்கக் கட்டை நழுவினால், அலகு உள்ளங்கையில் திரும்பிவிடும். விரல் அறுபட்ட நெசவாளரின் தறி ஆறும்வரை நிற்கும். அதற்கான கூலியை எவரும் ஈடுசெய்வதில்லை. பாவில் இரத்தக் கறையோ துருக் கறையோ படிந்தால் துணியும் கழிவாகிவிடும். ஆகையால் இச்சிறு பழுதைச் சரிசெய்யும் முறையை இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதலில் கத்தியின் அமைப்பை அறிந்துகொள்வோம். நடுவில் அலகும், அதை விறைப்பாக நிறுத்தும் முதுகு வில்லும் இருக்கின்றன. அவற்றின் இருபுறமும் பித்தளை அல்லது இரும்பினாலான உள் தகடுகள் உண்டு. தகடுகளின் வெளிப்புறத்தில் மரம், கொம்பு, எலும்பு அல்லது பிளாஸ்டிக்கினால் ஆன பக்கக் கட்டைகள் பதிந்திருக்கும். இவை அனைத்தையும் ஊடுருவிப் பிணைப்பவை தறையாணிகள். ரிவிட்டு என்று பலரும் சொல்வது இதைத்தான்.

பக்கக் கட்டை தளர்வதற்கு முக்கியமான காரணங்கள் மூன்று.

முதலாவது, மரத்தின் இயல்பு. ஈரத்தில் மரம் உப்பும், வறட்சியில் சுருங்கும். நார் ஓடும் திசையில் இம்மாறுதல் மிகச் சொற்பம். நாருக்குக் குறுக்கே அதிகம். ஆணியோ உலோகம், அது ஈரத்தினால் மாறுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் மரம், ஆணியின் தலையிலும் உடலிலும் மோதி நசுங்குகிறது. பிறகு சித்திரை, வைகாசி வெயிலில் சுருங்கும்போது, நசுங்கிய இடம் மீளாமல் இடைவெளியாக நின்றுவிடுகிறது. மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஊறினால் அன்றைக்கு இறுகும். காய்ந்தபின் முன்னிலும் அதிகமாக ஆடும். மடக்குக் கத்திக்கு இம்முறை உதவவே உதவாது.

இரண்டாவது, துரு. துருவானது தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கட்டைக்கு அடியில் துரு ஏறினால், அதுவே ஆப்புப்போல் கட்டையை வெளியே தள்ளுகிறது. வாழைச்சாறு பட்ட கத்தியைத் துடைக்காமல் மடக்கி வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆணித் தலையின் தேய்வு. பல ஆண்டுகள் கையில் உராய்ந்தால் தலை தேய்ந்து பிடிப்பு குறையும்.

காரணத்தை அறிந்தபின்பே சுத்தியலை எடுக்க வேண்டும். துரு அடியில் இருக்கும்போது ஆணியை இறுக்கினால் கட்டை பிளந்துபோகும்.

கட்டை சற்றே ஆடுகிறது, வெடிப்பும் துருவும் இல்லை என்றால், இறுக்கினாலே போதும். கத்தியை மடக்கி, ஆணியின் ஒரு தலையை இரும்புத் துண்டின்மேல் பொருந்த வைத்து, மறுதலையின் ஓரத்தைச் சுற்றிச் சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். சில தட்டுகளுக்கு ஒருமுறை திருப்பி, மறுபக்கமும் அவ்வாறே செய்க. ஓங்கி அடிப்பது கூடாது. கொம்பும் எலும்பும் எளிதில் வெடிக்கும். அலகு சுழலும் ஆணியைத் தொடாதிருப்பதே நலம். அதை இறுக்கினால் கத்தி திறவாது.

கட்டை கழன்றுவிட்டாலோ, அடியில் துருவோ களிம்போ இருந்தாலோ, முழுவதையும் பிரித்தே செய்ய வேண்டும். பழைய ஆணியின் தலையை அரத்தால் ராவி, மெல்லிய முனையுள்ள உளியால் மறுபக்கம் தள்ளுக. துருவையும் களிம்பையும் சுரண்டி, ஒட்டும் பரப்புகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டினால் துடைத்து உலரவிடுக. முதுகு வில்லிலும் சுழலும் ஆணியிலும் வாசலின் தடவினால் பசை உள்ளே புகாது. பின்னர், இரு குழாய்களில் விற்கப்படும் எப்பாக்ஸிப் பசையைக் குறித்த அளவில் கலந்து பூசிக் கட்டையைப் பொருத்துக. நொடியில் ஒட்டும் பசை மொறமொறப்பானது. இடைவெளியை நிரப்பாது, அதிர்ச்சியில் விட்டுவிடும். இறுக்குவதற்குத் தறிநூலே சிறந்தது. நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் வைக்க வேண்டும்.

மறுநாள், பழைய ஆணியின் பருமனுள்ள பித்தளைக் கம்பியைத் துளையில் செலுத்துக. இருபுறமும் கம்பியின் பருமனில் ஏறக்குறையப் பாதி அளவு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். துளையின் வாயைச் சிறிது அகலப்படுத்திவிட்டு முன்சொன்னபடி தட்டினால், உலோகம் விரிந்து அவ்வாயில் அமரும். மிகுதியை அரத்தால் ராவிச் சமமாக்கலாம்.

பிளாஸ்டிக் கட்டையுள்ள கத்திகளுக்கு ஓர் எச்சரிக்கை. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1891-ஆம் ஆண்டில் இராணுவத்துக்குக் கொடுத்த கத்திகள் மரப்பிடி கொண்டவை. அவ்வழி வந்த இன்றைய சிவப்புக் கத்திகளில் பிளாஸ்டிக் கட்டை, உள்ளே இருக்கும் ஆணித் தலைகளின்மேல் அழுத்திப் பொருத்தப்படுகிறது. அதைச் சுத்தியலால் தட்டினால் உடையும். தளர்ந்தால் புதுக் கட்டையை அழுத்தி மாற்றுவதே வழி.

வேலை முடிந்ததும் மரக் கட்டையில் ஆளி விதை எண்ணெயை மெல்லத் தேய்த்தால் ஈரம் எளிதில் ஏறாது. அலகு சுழலுமிடத்தில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுக. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். கத்தியை நாள்தோறும் துடைத்துத் திறந்து உலர்த்தியபின் மடக்குவது இவை எல்லாவற்றிலும் மேலானது.

ஒரு சுத்தியல், ஓர் அரம், ஓர் இரும்புத் துண்டு, சிறிது பித்தளைக் கம்பி, பசைக் குழாய்கள் ஆகிய இவ்வளவையும் வீட்டுக்கு வீடு வாங்குவானேன்? சங்கத்தில் ஒரு பெட்டி இருந்தால் யாவருக்கும் போதும். கடன் சங்கங்களுக்கு மட்டும் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. பிற காரியங்களுக்கும் ஒன்றுசேர 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. பணத்தைப்போலவே கருவியையும் பொதுவில் வைத்துப் பயன்பெறலாம் என்பதே அதன் உட்பொருள். மழைக்காலம் தொடங்குமுன் அங்கத்தினர்கள் தத்தம் கத்தியின் கட்டையை ஒருமுறை விரலால் அசைத்துப் பார்ப்பார்களாக.