மின்னஞ்சல் நிரலின் தானியங்கி இணைப்புத் தடையும் தீர்வும்: ஆய்வாளர் நோக்கில் ஒரு விளக்கம்

சிறுமலை அடிவாரத்தில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற காந்திகிராமக் கிராமிய நிறுவனம் போன்ற ஊரகக் கல்வி வளாகங்களில், ஆய்வாளரின் மடிக்கணினி வளாக வலையமைப்பிலும் கைப்பேசி இணையத்திலுமாக மாறி மாறி இணைய நேர்கிறது. தண்டர்பேர்டு, அவுட்லுக் முதலிய மின்னஞ்சல் நிரல்கள் திறந்தவுடன் தாமாகவே வழங்கியுடன் இணைந்து புதிய மடல்களைக் கொணர வேண்டும். அவ்விணைப்பு அறுபட்டாலும் பழைய மடல்கள் திரையில் அப்படியே நிற்பதால், புதியன வரவில்லை என்பது எளிதில் புலப்படுவதில்லை. இதழாசிரியர் அனுப்பிய திருத்தக் குறிப்பு காணப்படாமலே அதற்குரிய கெடு கடந்துவிடக் கூடும்.

முதற்கண் உலாவி வழியே அதே கணக்கைத் திறந்து பார்த்தல் வேண்டும். அங்கும் திறக்கவில்லையெனில் குறை நிரலில் இல்லை. உலாவியில் உள்நுழைந்த பின்னரே இணையம் கிடைக்கும் வளாகங்களில், கணினி தொடங்கியவுடன் இயங்கும் நிரல், பயனர் உள்நுழையும் முன்பே முயன்று தோற்றுவிடுகிறது; உள்நுழைந்தபின் நிரலை மீண்டும் திறந்தால் போதும். கணினியின் தேதி பிழைபட்டிருந்தால், வழங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகக் கொள்ளப்பட்டு, உலாவி, நிரல் இரண்டிலுமே தடை தோன்றும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினிகளில் இது இயல்பு. வளாகத்தில் இணையாத நிரல் கைப்பேசி இணையத்தில் இணையுமாயின், ஐமேப் நெறிமுறைக்குரிய 993, மடல் அனுப்புதற்குரிய 587 அல்லது 465 ஆகிய போர்ட்டுகளை வளாகத் தீயரண் அடைத்திருக்கலாம். அதனை வலையமைப்பு நிருவாகியே திறக்க இயலும்.

உலாவியில் திறக்கும் கணக்கு, எவ்விணையத்திலும் நிரலில் மட்டும் மறுக்கப்படுமாயின், சரிபார்ப்பு முறையே முதலில் ஐயுறத்தக்கது. முன்னர் நிரல் கடவுச்சொல்லைச் சேமித்து, இணையும்போதெல்லாம் வழங்கிக்கு அனுப்பியது. கூகுள் நிறுவனம் தனியர் கணக்குகளுக்கு இம்முறையை 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் தன் எக்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் அதே ஆண்டு அக்டோபர் முதல் படிப்படியாக நீக்கியது. கடவுச்சொல் சரியாக இருந்தும் அது தவறென்னும் செய்தி தோன்றுவதற்கு இது முக்கியக் காரணம். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றுவது வீண்முயற்சியே. மாற்றாக வந்த ஓஆத்2 முறையில், பயனர் சேவை நிறுவனத்தின் பக்கத்திலேயே உள்நுழைகிறார். நிரலுக்கு ஓர் அனுமதிச்சீட்டு மட்டும் வழங்கப்படுகிறது. தண்டர்பேர்டின் கணக்கு அமைப்புகளில் சரிபார்ப்பு முறையை ஓஆத்2 என மாற்றி, குக்கிகளை ஏற்கவும் அனுமதித்தல் வேண்டும். வருமடல் வழங்கி, செல்மடல் வழங்கி இரண்டிற்கும் இம்மாற்றம் தேவை. ஒன்றை மறந்தவர்க்கு மடல் வரும், அனுப்ப இயலாது. ஓஆத்2 அறியாப் பழைய நிரல்களுக்கு, கூகுள் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல்லைப் பெறலாம். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் அதுவும் செல்லாததாகிவிடும்.

கணக்கை நீக்கி மீளச் சேர்க்குமாறு கூறும் அறிவுரை ஆய்வாளருக்கு இடர் தரவல்லது. ஐமேப் முறையில் மடல்கள் வழங்கியில் உள்ளன. பாப் முறையில், இறக்கிய மடல்களை வழங்கியிலிருந்து அகற்றும் அமைப்பு இருந்தால், கள ஆய்வுத் தகவலாளியின் மடலும் கட்டுரை ஏற்புக் கடிதமும் அந்த ஒரே கணினியில்தான் இருக்கும். நீக்கும்போது மடல் தரவையும் அழிக்கும் தெரிவைக் குறித்துவிட்டால் அவை போய்விடும். எனவே நிரலை மூடி, அதன் சுயவிவரக் கோப்புறை முழுவதையும் வெளிவட்டு ஒன்றில் படியெடுத்து, படி திறக்கிறதா எனச் சோதித்த பின்னரே கணக்கில் கைவைத்தல் வேண்டும்.