அன்றைய பாடத்தை அன்றைக்கே எழுதுங்கள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கப்போகும் பெற்றோர், ஆண்டுதோறும் ஜூலை 1-ஆம் தேதிக்குள் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட வேண்டும். வேலை அதோடு முடிவதில்லை. என்னென்ன பாடம், எந்தெந்தப் புத்தகம், கற்பிக்கப்போவது யார், காலாண்டு அறிக்கைகள் எந்தத் தேதிகளில் வரும் என்றெல்லாம் ஒரு திட்டம் எழுதித் தர வேண்டும். ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், ஏழு முதல் பன்னிரண்டு வரை 990 மணி நேரம் பாடம் நடந்திருக்க வேண்டும். கணக்கு, வரலாறு, இசை, ஓவியத்தோடு மிதிவண்டிப் பாதுகாப்பும் தீத்தடுப்பும்கூடப் பாடப் பட்டியலில் உண்டு.

900 மணி நேரம் என்றதும் மலைப்பாகத்தான் இருக்கும். 180 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 5 மணி நேரம். அதுவும் முழுக்க மேசைமுன் உட்கார்ந்து கழிக்க வேண்டிய நேரமல்ல. நூலகத்தில் புத்தகம் படிப்பது, அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்ப்பது, நீச்சல் பழகுவது எல்லாமே ஏதாவது ஒரு பாடத்தின் கணக்கில் சேரும். ஆனால் எழுதி வைத்தால்தான் சேரும்.

புதிதாகத் தொடங்கும் பெற்றோர் பெரும்பாலும் சறுக்குவது திட்டம் போடும் இடத்தில்தான். ஆர்வ மிகுதியில் ஆண்டு முழுமைக்கும் நாள்வாரியாக அட்டவணை எழுதிவிடுகிறார்கள். ஒரு வாரம் காய்ச்சல், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள், பிள்ளைக்குப் பிடிபடாத ஒரே ஒரு வகுத்தல் கணக்கு. இரண்டாம் மாதத்திலேயே அட்டவணை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்றாகிவிடுகிறது. நியூயார்க் விதி இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் காலாண்டுக்கென்று திட்டமிட்ட பாடத்தில் 80 சதவீதத்துக்குக் குறைவாக முடித்திருந்தால், ஏன் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அளவுக்கு மீறித் திட்டம் போட்டவர்தான் அதிக விளக்கம் எழுத நேரிடுகிறது.

அனுபவப்பட்ட பெற்றோர் கைக்கொள்ளும் வழி எளிது. ஆண்டுக்குப் பாடத் தலைப்புகள் மட்டும். காலாண்டுக்கு எந்தப் புத்தகத்தில் எத்தனை அத்தியாயம் என்ற அளவு. நாள்வாரியான திட்டம் அடுத்த ஒரு வாரத்துக்கு மட்டும். அதையும் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். வாரத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டுவைத்தால், தேங்கிய பாடங்கள் அங்கே வந்து சேரும்.

திட்டத்தைவிடப் பதிவேடு முக்கியம் என்பதைப் பென்சில்வேனியா மாநிலத்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. பாடம் நடக்கும் காலத்திலேயே குறிப்பு எழுதப்பட வேண்டும். படித்த நூல்களின் பெயர்கள் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவது சட்டத்தின் கண்ணில் குறிப்பாகாது. அதோடு பிள்ளை எழுதிய கட்டுரை, போட்ட கணக்குத் தாள், வரைந்த படம் ஆகியவற்றில் மாதிரிகளைக் கோப்பில் சேர்க்க வேண்டும். தகுதி பெற்ற ஆசிரியரோ உளவியலாளரோ கோப்பைப் பார்த்து, பிள்ளையிடம் பேசி, கல்வி முறையாக நடந்திருக்கிறது என்று சான்று தருவார். அந்தச் சான்று ஜூன் 30-க்குள் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்? “கணக்கு, 1 மணி நேரம்” என்று எழுதுவது அலுவலகத்துக்குப் போதுமாக இருக்கலாம். அம்மாவுக்கு அது எதையும் சொல்லாது. இப்படி எழுதியிருந்தால்: “பின்னம். கேக் செய்தபோது 3/4 கப் மாவை இரட்டிப்பாக்கினால் ஒன்றரைக் கப் என்று தானாகவே சொன்னாள். அந்த 3/4-ஐயே பாதியாக்கச் சொன்னேன், 3/2 என்றாள். கப்பில் அளந்து பார்த்தும் குழப்பம் தீரவில்லை.” மூன்று நிமிட வேலைதான். ஆனால் இவள் கீழ் எண்ணைப் பாதியாக்கிவிடுகிறாள் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. நாளைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் 1892-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய சார்லட் மேசன் இன்னொரு வழி காட்டினார். பாடத்தை ஒரு முறை வாசித்துவிட்டு, பிள்ளையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்வது அவருடைய முறை. இன்றும் பல வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அதைப் பின்பற்றுகின்றன. சிறு பிள்ளை சொல்வதைப் பெரியவர் அப்படியே எழுதித் தேதி போட்டு வைத்தால், அதுவே தேர்வு, அதுவே பதிவு.

அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் நியூயார்க், பென்சில்வேனியாவைப் போலப் பதிவு கேட்பதில்லை. டெக்சாஸில் வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளியே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. அங்கே அரசுக்கு அறிக்கை எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் கல்லூரி விண்ணப்பம் என்று வரும்போது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரே தயாரித்துத் தர வேண்டியிருக்கிறது. குறிப்பேடு இல்லாத வீட்டில் அதை நினைவிலிருந்துதான் எழுத முடியும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்கென்று தனிப் பதிவுமுறையோ அறிக்கைப் படிவமோ அதில் கிடையாது. மும்பையில் வீட்டிலேயே படித்த மால்விகா ராஜ் ஜோஷி, சர்வதேசக் கணினியியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வென்றவர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. கதவு திறக்கவில்லை. சென்னைக் கணிதவியல் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இடம் கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பதக்கம் பேசாது. அதனால்தான் இங்குள்ள பல பெற்றோர் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். வழியை நாடுகிறார்கள். 14 வயது நிறைந்த பிள்ளை அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். அதுவரையிலான ஆண்டுகளில் பிள்ளை என்ன படித்தது என்பதற்கு வீட்டுக் குறிப்பேட்டைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. பாதியில் பள்ளியில் சேர்க்க நேர்ந்தால், தலைமையாசிரியரிடம் காட்ட அதுதான் கைகொடுக்கும்.

இங்கே யாரும் கேட்கவில்லை என்பதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள். வீட்டுக்கல்வி பற்றி யோசிக்கும் பெற்றோர் முதலில் ஒரு நோட்டும் ஒரு கோப்பும் வாங்கிக்கொள்ளலாம். தேதி, நடந்த பாடம், பிள்ளைக்குப் புரிந்தது, புரியாதது என்று நான்கு வரி போதும். பிள்ளையின் கைப்பட எழுதிய தாளில் வாரத்துக்கு ஒன்றைக் கோப்பில் சேருங்கள். களிமண் பொம்மையையும் முளைவிட்ட பயறையும் செல்பேசியில் படம் எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துவதற்கு முன், வரும் கோடை விடுமுறையிலேயே ஒரு மாதம் இப்படி எழுதிப் பாருங்கள். தொடர்ந்து செய்ய முடியுமா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.