கூடத்துக்கு வந்த செம்பருத்தி

"செடி செத்துக்கொண்டிருக்கிறது. நீ உடனே வா!" என்று என் சிநேகிதி டெலிபோனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு தொட்டிச் செடிக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைத்தேன். நேரில் போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது நேயர்களுக்கு நினைவிருக்கும். புயல் வருகிறது என்றதும், 2016-இல் வர்தா புயல் தெருத் தெருவாக மரங்களைச் சாய்த்ததை நினைத்துக்கொண்டு, என் சிநேகிதியும் அவள் கணவருமாகப் பால்கனியிலிருந்த செம்பருத்தித் தொட்டியை மூச்சு வாங்கத் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். துளசியும் கற்றாழையும் வெளியிலேயே நனைந்துகொண்டிருந்தன. செம்பருத்திக்கு மட்டும் ஏன் இந்த உபசாரம்? மாயவரத்தில் அவள் அம்மாவின் வீட்டுக் கிணற்றடியில் நின்ற செடியிலிருந்து ஒடித்து வந்த குச்சி அது. அம்மா இப்போது இல்லை. வீட்டையும் விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் கிணற்றடி முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்களாம். ஆக, அந்தச் செடியின் வம்சத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒரு தொட்டிதான்.

புயல் போயிற்று, மின்சாரம் வந்தது. தொட்டி மட்டும் கூடத்தை விட்டுப் போகவில்லை. "டெலிவிஷன் பக்கத்தில் பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மொட்டுக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அப்புறம் அடி இலைகள் மஞ்சளித்தன. பாவம், தாகம் போலிருக்கிறது என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். இன்னும் வாடியது. பலமில்லை போலிருக்கிறது என்று ஒரு பிடி உரம் போட்டாள். பொங்கல் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது, நாலைந்து குச்சிகளும் ஏழெட்டு இலைகளும் இருந்தன. குச்சிகளின் கணுக்களில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி வேறு.

எங்கள் பேட்டையில் முப்பது வருஷம் நர்சரியில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துக்கொண்டு போனேன். வந்தவர் செடியைப் பார்க்கவில்லை. முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மண்ணுக்குள் விரலை விட்டு, வெளியே எடுத்து முகர்ந்தார்.

"ஏம்மா, இது தாகம் இல்லே. தண்ணியிலே முழுகிப் போச்சு" என்றார்.

நமக்கெல்லாம் புரியாமல் போவது இந்த இடந்தான். இலை வாடினால் தண்ணீர் போதவில்லை என்று நினைக்கிறோம். வேருக்கும் சுவாசிக்கக் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் அந்தக் காற்று இருக்கிறது. ஓயாமல் தண்ணீர் நின்றால் காற்றுக்கு அங்கே இடமில்லை. வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே, தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டே இலை வாடுகிறது. அதைக் கண்டு நாம் இன்னும் ஒரு செம்பு ஊற்றுகிறோம்!

பால்கனியில் வெயிலும் காற்றும் இருந்தபோது தினம் ஊற்றிய தண்ணீர் தினமும் செலவாகிவிடும். கூடத்தில் அந்தச் செலவு இல்லை. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடும். எவ்வளவு குறைகிறது தெரியுமா? நடுப்பகல் வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் என்கிறார்கள். விளக்குப் போட்ட கூடத்தின் நடுவில் 200, 300 லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண் இரண்டுக்கும் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டு விடுவதால் வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடிக்கோ வெளிச்சந்தான் சம்பாத்தியம். மாதம் லட்சம் ரூபாய் வந்த குடும்பத்துக்குத் திடீரென்று முந்நூறு ரூபாய் வந்தால் என்ன ஆகும்? முதலில் ஆடம்பரச் செலவு நிற்கும், மொட்டு உதிர்கிறது. பிறகு அத்தியாவசியத்திலேயே கை வைக்க வேண்டி வரும். வெயிலுக்கென்று தடித்து வளர்ந்த இலைகளைச் செடி தானே கழற்றிவிடுகிறது. இந்த நிலையில் இருப்பதற்கு உரம் போடுவது, ஜுரத்தில் படுத்தவருக்கு எண்ணெய்ப் பலகாரம் கொடுப்பது போலத்தான். ரசாயன உரத்தின் உப்பு, இருக்கிற வேரையும் கருக்கிவிடும்.

மேஜையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. பெரியவர் அதையும் தள்ளி வைக்கச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "பழம் பக்கத்திலே மொட்டு நிக்காதும்மா" என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வருகிறது. 1901-இல் ருஷ்யாவில் நெல்ஜுபோவ் என்ற விஞ்ஞானி, விளக்கெரிக்கும் வாயுவிலுள்ள எத்திலீன்தான் தம் பட்டாணி நாற்றுக்களைக் கோணலாக வளரச் செய்தது என்று கண்டுபிடித்தார். மொட்டையும் இலையையும் உதிரச் செய்யும் சக்தியும் அதற்கு உண்டு. ஒரு சீப்புப் பழம் ஒரு செடியைக் கொன்றுவிடாது. ஆனால் ஏற்கெனவே நொந்திருக்கும் செம்பருத்திக்கு அந்தச் சகவாசம் வேண்டாம்.

மாவுப்பூச்சி விஷயம் சுவாரஸ்யமானது. 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்று வெளிநாட்டு இனம் ஒன்று தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடெங்கும் பாழாக்கியது. செம்பருத்தியையும் விடவில்லை. மருந்தடித்து ஓயாமல், 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு குட்டிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். அது பூச்சிக்குள் முட்டையிட்டு அதன் கொட்டத்தை அடக்கிவிட்டது. வெளியில் நிற்கும் செடிக்கு இப்படிக் குளவி, பொறிவண்டு, மழை என்று எத்தனையோ துணை. கதவைச் சாத்திய கூடத்துக்குள் இவற்றில் எது வரும்? பூச்சி சௌக்கியமாகக் குடித்தனம் நடத்துகிறது.

பெரியவர் நகத்தால் குச்சியின் தோலை லேசாகச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. "உசிரு இருக்கும்மா" என்றார். என் சிநேகிதி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்தார். குப்பென்று அழுகல் நாற்றம். கறுத்துக் கொழகொழத்த வேர்களைக் கத்தரிக்கோலால் வெட்டியபின், வெளுப்பாகக் கெட்டியாக இருந்தது பாதிகூடத் தேறவில்லை. பாதி வேர் போனால் பாதிக் கிளையும் போகவேண்டுமாம். அவர் கிளையில் கத்தரிக்கோலை வைத்தபோது சிநேகிதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செம்மண், மணல், மட்கிய தொழு உரம், தேங்காய் நார்த்தூள் எல்லாம் கலந்து, முன்னதைவிடச் சின்னத் தொட்டியில் நட்டார். பெரிய தொட்டி என்றால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும். அடித் துவாரத்தின்மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு. கீழே தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார்.

மாவுப்பூச்சியை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் நாலு சொட்டுச் சோப்பு நீரும் கலந்து சாயங்காலத்தில் தெளிக்கவேண்டும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். எறும்பு ஏறுகிறதா என்றும் கவனிக்கவேண்டும். பூச்சி கசியும் தித்திப்புக்காக எறும்புகளே அதற்குக் காவல் இருக்கும்.

உடனே வெயிலில் வைத்துவிடலாம் என்று நினைத்தோம். அதுவும் தப்பாம். நிழலுக்குப் பழகிய இலை திடீர் வெயிலில் வெந்து வெளுத்துவிடும். பத்து நாள் வெளிச்சமான நிழல், பிறகு ஒரு மணி நேரம் காலை வெயில், அப்புறம் இரண்டு மணி என்று கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால்தான் தண்ணீர்.

வெட்டிய கிளைகளை என் சிநேகிதி குப்பையில் போடவில்லை. பென்சில் கனத்தில் பச்சையாக இருந்த நாலு குச்சிகளை அரை அடி நீளத்துக்கு நறுக்கி, மணல் கலந்த மண்ணில் தனித் தனியாக ஊன்றினோம். "எல்லா முட்டையையும் ஒரே அடைகாத்தலில் வைக்காதே என்று அம்மா சொல்வாள்" என்றாள். இரண்டு அழுகிவிட்டன. இரண்டு துளிர்த்தன. ஒன்று திருச்சியில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிற்று. இன்னொன்று என் வீட்டு மாடியில் இருக்கிறது.

தாய்ச் செடியோ இருபது நாள் அசையவே இல்லை. குச்சி குச்சியாகவே நின்றது. "ஒரே ஒரு டம்ளர் ஊற்றட்டுமா?" என்று தினமும் எனக்குக் கேள்வி வரும். "கூடாது" என்று தினமும் பதில் சொல்வேன். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள்கூட, "இதைத் தூக்கிப் போட்டுடலாமே" என்றாளாம். பிறகு ஒரு நாள், கணுவில் கடுகளவு பச்சை.

பால்கனியே இல்லாத வீட்டில் இருக்கிற நேயர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பருத்தி, ரோஜா, மல்லிகை மூன்றும் வெயில் குழந்தைகள். உள்ளே வைத்து அவற்றையும் வருத்தி நீங்களும் வருந்த வேண்டாம். ஆப்பிரிக்கன் வயலட், பீஸ் லில்லி போன்றவை ஜன்னல் வெளிச்சத்திலேயே பூக்கும். புயலுக்குப் பயந்து வெயில் செடியை உள்ளே கொண்டுவந்தால், அந்த இரண்டு மூன்று நாளும் தண்ணீரே ஊற்ற வேண்டியதில்லை. காற்று ஓய்ந்த மறுநாளே வெளியே போய்விட வேண்டும். தூக்க முடியாத தொட்டியைப் பால்கனிச் சுவரோரமாகத் தரையில் படுக்க வைத்துவிட்டாலே போதும் என்பது பெரியவரின் யோசனை. எனக்கு அதுதான் உத்தமமாகப் படுகிறது, இடுப்பும் பிழைக்கும்.

சித்திரை பிறந்த வாரத்தில், காலை ஆறு மணிக்கு மறுபடி டெலிபோன் அடித்தது.

"பூத்திருக்கிறதடி! ஒன்றே ஒன்றுதான். அதே சிவப்பு. சாயங்காலத்துக்குள் வந்துவிடு. செம்பருத்தி ஒரு நாள் பூ, நாளைக்கு இருக்காது."

ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.