3 கோட்டுக்குள் ஒளிந்திருக்கும் பட்டியல்!

படம் தெரியுது, பொருள் தெரியலே: செல்போனில் திண்டாட்டம்

செல்போன் திரையின் மூலையில் ஒன்றன் கீழ் ஒன்றாக 3 கோடுகள். "இது என்னப்பா, ஏணியா?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

ஏணி அல்ல. அதைத் தொட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் பட்டியல் விரியும். பாஸ்வேர்டு மாற்றுவது, புகார் கொடுப்பது எல்லாம் பல ஆப்களில் அதற்குள்தான் இருக்கிறது. கோடு புரியாதவர் என்ன செய்வார்? "தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்று பக்கத்தில் நிற்பவரிடம் போனை நீட்டுவார். பணம் புழங்கும் போனை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கலாமா?

வரைந்தவர் யார்?

இந்த 3 கோட்டை வரைந்தவர் அமெரிக்காவின் நார்ம் காக்ஸ். 1981-ல் ஜெராக்ஸ் கம்பெனி வெளியிட்ட 'ஸ்டார்' கம்ப்யூட்டருக்காக வரைந்தார். அடுக்கடுக்காகக் கோடு போட்டால் பட்டியல் போலத் தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகு செல்போன் வந்தது. சின்னத் திரையில் இடம் மிச்சம் பிடிக்க, எல்லோரும் இதையே பிடித்துக் கொண்டார்கள். பன் நடுவே கறி வைத்தது போல் இருப்பதால் 'ஹாம்பர்கர்' என்று பட்டப்பெயரும் வந்தது!

179 பேரிடம் சோதனை

2016-ல் நீல்சன் நார்மன் குரூப் என்ற அமெரிக்க நிறுவனம் 6 இணையதளங்களைக் கொடுத்து 179 பேரைச் சோதித்தது. பட்டியலை ஒளித்து வைத்தால், அதைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது! அநேகமாக எல்லோருக்கும் சட்டென்று புரியும் படங்கள் வெகு சிலவே என்றும் அந்த நிறுவனம் கூறுகிறது. வீடு, பிரிண்டர், தேடுவதற்கான பூதக்கண்ணாடி ஆகியவை அதில் அடக்கம்.

மறைந்தது பிளாப்பி

'சேமி' என்பதற்கு இன்னும் பிளாப்பி படம்தான் போடுகிறார்கள். ஜப்பானில் சோனி கம்பெனி பிளாப்பி விற்பனையை 2011-லேயே நிறுத்திவிட்டது. பிளாப்பியைக் கண்ணாலேயே பார்க்காத பிள்ளைகள் இப்போது கம்ப்யூட்டர் முன் உட்காருகிறார்கள். படம் இருக்கிறது, பொருளைத்தான் காணோம்!

ஓட்டு எந்திரம் சொல்லும் வழி

ஓட்டு எந்திரத்தில் சின்னம் மட்டுமா இருக்கிறது? பக்கத்திலேயே வேட்பாளர் பெயரும் இருக்கிறது. படித்தவர் பெயரைப் பார்க்கிறார். படிக்காதவர் சின்னத்தைப் பார்க்கிறார். இருவருக்கும் குழப்பம் இல்லை.

அதே மாதிரி அந்த 3 கோட்டுக்குப் பக்கத்தில் 'மெனு' என்று தமிழில் ஒரு வார்த்தை போட்டால் போதும். 2 எழுத்துக்கா திரையில் இடம் இல்லை?