இது யார் கட்டிய கோட்டை?

ஒரு கோட்டையின் முன் மாணவர்களை நிறுத்தி, “இதைக் கட்டியவர் இன்னார், கட்டிய ஆண்டு இது” என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வதுதான் பெரும்பாலும் நமது களப்பயணம். நேரம் குறைவு, பேருந்து காத்திருக்கும், மதிய உணவுக்கு முன் இன்னும் இரண்டு இடம் பார்த்தாக வேண்டும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்பதைக் காட்ட, ஜப்பானின் சனாடா என்னும் சாமுராய் குடும்பம் நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் குடும்பத்தோடு தொடர்புடைய இடங்கள் நான்கு ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன. நான்கும் ஒரே கதையைச் சொல்வதில்லை.

முதலில் குடும்பத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். இன்றைய நாகானோ மாகாணத்தின் மலைப்பகுதியைச் சேர்ந்த சிறிய சாமுராய் குடும்பம் இது. டகேடா ஷிங்கென் என்ற பெரும் பிரபுவிடம் பணிபுரிந்து உயர்ந்தது. 1582இல் டகேடா குடும்பம் வீழ்ந்ததும், சனாடா குடும்பத் தலைவரான மசயுகி சுற்றிலும் பெரிய பிரபுக்கள் சூழ்ந்திருக்க, பக்கம் மாறி மாறித் தம் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அவருடைய மகன்களில் இருவர் நொபுயுகி, நொபுஷிகே. இளையவரான நொபுஷிகேயைத்தான் ஜப்பான் முழுவதும் ‘சனாடா யுகிமுரா’ என்று அறிவார்கள். கதைப் புத்தகம், காமிக்ஸ், வீடியோ விளையாட்டு, தொலைக்காட்சித் தொடர் என எல்லாவற்றிலும் அவர்தான் நாயகன். ஆனால் அவர் வாழ்ந்த காலத்து ஆவணங்களில் அந்தப் பெயர் இல்லை. அவர் கையெழுத்திட்ட கடிதங்களில் இருப்பது நொபுஷிகே. யுகிமுரா என்ற பெயர், அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின் எழுதப்பட்ட போர்க்கதைகள் வழியாகப் பரவியது.

உயேடா நகரத்தில் தொடங்கலாம். டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1583இல் மசயுகி கட்டத் தொடங்கிய கோட்டை இது. 1585இல் டோகுகவா படை இதைத் தாக்கித் தோற்றது. 1600இல் டோகுகவா ஹிடெடாடா ஏறத்தாழ 38,000 பேருடன் வந்து சில நாட்கள் இங்கே முடங்கினார். செகிகஹாராப் பெரும்போருக்கு அவர் போய்ச் சேரவில்லை. மசயுகியின் தந்திரம்தான் அவரைத் தாமதப்படுத்தியது என்பது புகழ்பெற்ற கதை. வெள்ளமும் தூதர் பிந்தி வந்ததும் காரணம் என்று ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்லலாம். கதையின் சுவை அதனால் குறைவதில்லை.

வாயிலில் ஆறு நாணயம் பொறித்த கொடிகள் பறக்கும். சனாடா குடும்பச் சின்னம் அது. இறந்தவர் மறுவுலக ஆற்றைக் கடக்க ஆறு காசு கூலி கொடுக்க வேண்டும் என்பது பௌத்த நம்பிக்கை. சாகத் துணிந்தே போருக்கு வருகிறோம் என்று பொருள். அந்தக் கொடிகளுக்கு நடுவே நிற்கும் கம்பீரமான காவல்மாடங்களைப் பார்த்தால், மசயுகி நின்று போர் நடத்திய இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்தக் காவல்மாடங்களில் ஒன்றுகூட மசயுகி கட்டியதில்லை. செகிகஹாராவில் அவர் சேர்ந்த பக்கம் தோற்றதால் கோட்டை இடிக்கப்பட்டது, அகழிகள் தூர்க்கப்பட்டன. 1626இல் அதை மீண்டும் எழுப்பத் தொடங்கியவர் செங்கொகு டடமசா என்ற வேறொரு பிரபு. இன்று இருப்பவை அந்தக் காலத்தின் மூன்று காவல்மாடங்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய வாயில் 1994இல் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டது.

மூன்றில் இரண்டு காவல்மாடங்களின் கதை இன்னும் விசித்திரம். மெய்ஜி ஆட்சியில் பிரபுக்களின் ஆட்சி 1871இல் முடிந்ததும், கோட்டைக் கட்டடங்கள் விற்கப்பட்டன. இவை இரண்டும் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டு ஊரின் கேளிக்கைத் தெருவில் விடுதிகளாயின. (இந்த இடத்தில் எவ்வளவு விளக்குவது என்பது வகுப்பைப் பொறுத்தது.) 1941இல் டோக்கியோவின் ஓர் உணவகம் அவற்றை வாங்கிவிட்டது. ஊர் மக்கள் கூடி, பணம் திரட்டி, திரும்ப வாங்கினார்கள். போர்க்காலத்தில் தொடங்கிய அந்த வேலை, கட்டடங்கள் பழைய இடத்தில் மீண்டும் எழுந்து 1949இல் முடிந்தது. நாட்டில் சோற்றுக்கே பஞ்சமிருந்த ஆண்டுகள் அவை என்பதை நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், உயேடாவில் மாணவர்கள் அவசியம் கேட்க வேண்டியது இந்தக் கதைதான்.

கோட்டைக்குள் சனாடா ஆலயம் என்ற ஷிண்டோ கோயில் இருக்கிறது. அதன் முதல் பெயர் மட்சுடைரா ஆலயம். 1706 முதல் 1871 வரை உயேடாவை ஆண்ட மட்சுடைரா குடும்பத்துக்காக எழுப்பப்பட்டது. 1950களில் உயேடா ஆலயம் ஆனது, 1960களில் சனாடா ஆலயம் ஆனது. சனாடா குடும்பம் இந்தக் கோட்டை நகரை ஆண்டது நாற்பது ஆண்டுகள். மட்சுடைரா ஆண்டது நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னபோது, “அப்ப அவங்க பேரை ஏன் சார் எடுத்தாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நீண்ட காலம் ஆண்டவர்களை ஊர் மறக்கலாம். கதையில் வந்தவர்களை மறப்பதில்லை.

அப்படியானால் மசயுகியின் கையைக் காட்டும் எதுவுமே அங்கு இல்லையா? இருக்கிறது. தென்புறச் செங்குத்தான பாறைச்சரிவின் கீழே போய் நின்று மேலே பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சிக்குமா ஆற்றின் ஒரு கிளை அந்தச் சரிவின் அடியை ஒட்டி ஓடியது. இன்று அங்கே நீர் இல்லை, சமதரையாக இருக்கிறது. ஆற்றை மனத்தில் ஓடவிட்டால், சிறிய படை ஏன் பெரிய படையைத் தாங்க முடிந்தது என்று யாரும் சொல்லாமலே விளங்கும். கட்டடங்கள் போய்விட்டன, இடத்தேர்வு நிற்கிறது. அகழியில் கிடைத்த பொன்தகடு ஒட்டிய ஓடுகளையும் மசயுகி காலத்தவை என்று கருதுகிறார்கள். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி உயேடா மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. கோட்டை இடிந்த பிறகு நொபுயுகி வீடு கட்டிக்கொண்ட இடம் அது. இன்றும் மாணவர்கள் பிரபு மாளிகையின் பழைய வாயில் வழியாகத்தான் பள்ளிக்குள் நுழைகிறார்கள். அந்த வாயிலும் சனாடா காலத்தது அல்ல, 1790இல் கட்டியது!

இனி குடும்பம் பிரிந்த கதை. 1600ஆம் ஆண்டின் அந்தப் பெரும்போருக்கு முன், இனுபுஷி என்ற இடத்தில் தந்தையும் இரு மகன்களும் கூடிப் பேசினார்கள். மூத்தவர் நொபுயுகியின் மனைவி, டோகுகவாவின் தளபதி ஹொண்டா டடகட்சுவின் மகள். இளையவரின் மனைவியோ எதிரணித் தளபதி ஓட்டானி யொஷிட்சுகுவின் மகள். மூத்தவர் டோகுகவா பக்கம் நின்றார். தந்தையும் இளையவரும் எதிர்ப்பக்கம். எந்தப் பக்கம் வென்றாலும் குடும்பம் பிழைக்கும் என்ற கணக்கு என்று சிலர் சொல்வார்கள். மனைவியர் வழி உறவுகளைப் பார்த்தால், பெரிய திட்டம் எதுவும் இல்லாமலே இந்தப் பிரிவு நேர்ந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டோகுகவா வென்றதும், நொபுயுகியும் அவர் மாமனாரும் மன்றாடியதால் தந்தையும் தம்பியும் உயிர் பிழைத்தார்கள். நாடுகடத்தப்பட்ட இடம் கோயா மலையடிவாரத்துக் குடோயாமா. ஒசாகாவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவர்கள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘சனாடா-ஆன்’ என்ற கோயில் இருக்கிறது. மசயுகியின் கல்லறை அங்கே உண்டு. பிழைப்புக்காக அவர்கள் பட்டை நாடா நெய்து விற்றதாக ஊர்க்கதை. பார்க்க அதிகம் இல்லை. ஆனால் இங்கிருந்து அவர்கள் எழுதிய கடிதங்கள் மனத்தைப் பிசைபவை. தந்தை மூத்த மகனிடம் பணம் அனுப்பக் கேட்கிறார். 1611இல் அவர் இங்கேயே இறந்தார். நொபுஷிகே தம் அக்காள் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், பல் விழுந்துவிட்டது, தாடியில் கருப்பு முடி அதிகம் இல்லை என்று தம் நிலையைச் சொல்கிறார். சிலைகளில் கொம்பு வைத்த தலைக்கவசத்துடன் நிற்கும் இளம் வீரனையும், நாற்பதுகளில் இருந்த இந்தப் பல்லில்லாத மனிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1614இல் ஒசாகாவுக்குப் போய்ப் போரிட்டவர் இவர்தான்.

ஒசாகாவில் அவர் கோட்டையின் தென்புறம் அமைத்த ‘சனாடா-மரு’ அரணில் டோகுகவா படை பெரும் சேதம் கண்டது. சமாதானம் ஆனதும் அரணை இடித்துவிட்டார்கள். அது இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் இன்று ஒரு தனியார் பள்ளி. அருகே சன்கோ ஆலயத்தில் ‘சனாடாவின் ரகசியச் சுரங்கம்’ ஒன்றைக் காட்டுகிறார்கள். புகைப்படம் எடுக்கும் கூட்டம் அங்கேதான். 1615 கோடையில் டோகுகவா இயேயசுவின் முகாம் வரை பாய்ந்து சென்ற நொபுஷிகே, டென்னோஜி பகுதியில் யசுயி ஆலயத்தருகே கொல்லப்பட்டார்.

பயணிகளில் பலர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பரிந்துரைப்பது மட்சுஷிரோவுக்கும் போவதை. நாகானோ நிலையத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். ரயில் பாதை 2012இல் மூடப்பட்டது. 1622இல் நொபுயுகியை டோகுகவா அரசு உயேடாவிலிருந்து இந்த ஊருக்கு மாற்றியது. தந்தையோடு பகிர்ந்துகொண்ட ‘யுகி’ எழுத்தை அவர் செகிகஹாராவுக்குப் பிறகு மாற்றிக்கொண்டார். பெயரின் ஒலி அதேதான், எழுத்து வேறு. ஜப்பானிய முறைக் கணக்கில் 93 வயது வரை வாழ்ந்தார். அவர் வழியினர் 1871 வரை பத்துத் தலைமுறை இங்கே ஆண்டார்கள்.

இங்கே கட்டடங்களும் அவற்றின் காலமும் பொருந்துகின்றன. 1864இல் கட்டிய சனாடா மாளிகை அப்படியே இருக்கிறது. அது ஏன் கட்டப்பட்டது என்பதே ஒரு வரலாற்றுப் பாடம். பிரபுக்களின் மனைவி மக்களை எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், பிணை போல வைத்திருந்த விதியை 1862இல் அரசு தளர்த்தியது. ஊர் திரும்பிய பிரபு குடும்பத்துப் பெண்மணிக்காக எழுந்த வீடு அது. பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துவிடும் விதி, இங்கே வரவேற்பறையும் தோட்டமுமாகக் கண்முன் நிற்கிறது.

அடுத்த தெருவில் 1855இல் திறந்த ‘புன்பு’ பள்ளி. சாமுராய் பிள்ளைகளுக்கு ஒரு கூடத்தில் நூல்கள், அடுத்ததில் வாள், இன்னொன்றில் வில். மருத்துவமும் மேற்கத்தியப் பீரங்கிக் கலையும் கற்றுத்தந்தார்கள். மரத்தரையில் காலணி கழற்றி நடக்கலாம். இது ஆசிரியர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

1966இல் சனாடா குடும்பம் தன் வாள், கவசம், ஆவணம் எல்லாவற்றையும் ஊருக்குக் கொடுத்தது. அவை அருகிலுள்ள கருவூல அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. காட்சிப்பொருட்களை அவ்வப்போது மாற்றுவதால், என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அந்த ஆவணங்களில் ஒருவகை, 1600இல் டோகுகவாவின் எதிரி இஷிடா மிட்சுனரி மசயுகிக்கு எழுதிய கடிதங்கள். டோகுகவா ஆட்சி முழுவதும் அவர்களுக்குக் கீழே பிரபுக்களாக இருந்த குடும்பம், அவற்றைக் கிழித்துப் போடாமல் இரண்டரை நூற்றாண்டு வைத்திருந்தது.